டிராஜன் பெட்ரோவிச்: போர் பிரித்த நட்பு

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டப் போட்டிகளில் இன்று ஐரோப்பிய வீரர்கள் பலர் முன்னணியில் உள்ளனர். அவர்களுக்கு வழிதிறந்தவர்களில் முக்கியமானவராகக் கருதப்படும் குரோஷிய வீரர் டிராஜன் பெட்ரோவிச், நியூ ஜெர்சி நெட்ஸ் அணியில் புகழின் உச்சத்தில் இருந்தபோது, 28 வயதில் உயிரிழந்தார்.

அப்போதைய யூகோஸ்லாவியாவின் ஷிபெனிக் நகரில் 1964 ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தாய் குரோஷியர், தந்தை செர்பிய இனத்தவர். ஜாக்ரெப் நகரின் சிபோனா அணி 1985, 1986 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணத்தை வெல்லப் பெரிதும் காரணமாயிருந்தார். ஆனால் 1989 இல் அவர் சேர்ந்த போர்ட்லண்ட் அணியோ அவரைப் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே வைத்திருந்தது.

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியில் சேர்ந்த செர்பியரான விளாடே திவாட்ஸ், யூகோஸ்லாவிய தேசிய அணியில் அவருடன் ஆடிய நெருங்கிய நண்பர். அந்நிய மண்ணில் இருவரும் தொலைபேசியில் பேசி ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டனர்.

1990 ஆகஸ்டில் புவனோஸ் ஐரிஸில் யூகோஸ்லாவியா உலகக் கிண்ணத்தை வென்றது. அப்போது குரோஷியக் கொடியுடன் ஆடுகளத்துக்குள் ஓடிவந்த ரசிகர் ஒருவரிடமிருந்து திவாட்ஸ் அதைப் பறித்தார். வெற்றி முழு நாட்டுக்கும் உரியது என்பதாலேயே அவ்வாறு செய்ததாக அவர் பின்னர் விளக்கமளித்தார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 1991 இல் போர் மூண்டபின், குரோஷியர்களிடம் அந்த விளக்கம் எடுபடவில்லை. பெட்ரோவிச் நண்பருடன் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

1991 ஜனவரியில் நியூ ஜெர்சிக்கு மாற்றப்பட்டது அவரது ஆட்டத்துக்குத் திருப்புமுனையாயிற்று. நலிந்திருந்த அந்த அணி அடுத்த பருவத்திலேயே இறுதிக்கட்டச் சுற்றுக்குத் தகுதிபெற்றது. 1992 இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் சுதந்திர குரோஷியாவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. 1992-93 பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 22.3 புள்ளிகள் குவித்தும், நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்கு அவர் தெரிவு செய்யப்படாதது அவரை வெகுவாகப் புண்படுத்தியது.

1993 ஜூன் 7 ஆம் தேதி, போலந்தில் தகுதிகாண் போட்டிகளை முடித்துத் திரும்பும் வழியில், சக வீரர்களுடன் விமானத்தில் செல்லாமல் காரில் பயணித்தார். ஜெர்மனியின் டெங்கண்டார்ஃப் அருகே, மழையில் நனைந்த நெடுஞ்சாலையில், எதிர்த்திசையிலிருந்து தடுப்பைத் தாண்டிவந்த லாரியில் கார் மோதியது. அதை ஓட்டியவர் அவரல்ல.

அவர் அணிந்த 3 ஆம் இலக்கத்தை நெட்ஸ் அணி அதே ஆண்டு நவம்பரில் நிரந்தரமாக ஓய்வுபெறச் செய்தது. 2002 இல் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது.

2010 இல் வெளியான ஆவணப்படமொன்றுக்காக ஜாக்ரெப் சென்ற திவாட்ஸ், பெட்ரோவிச்சின் தாயைச் சந்தித்தார். பின்னர் கல்லறைக்குச் சென்று, தாங்கள் இருவரும் சேர்ந்திருந்த பழைய புகைப்படம் ஒன்றை அங்கே வைத்துவிட்டு வந்தார்.