எறிந்துவிட அச்சிட்டவற்றைச் சேர்த்தவர்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஒருவர் 1992இல் காலமானார். அவரது சேகரிப்பில் அப்போது ஏறத்தாழ ஒரு இலட்சம் அச்சுப் பொருட்கள் இருந்தன. நூல்களும் சஞ்சிகைகளும் அதில் பெரும்பங்கு. மிச்சம் எதுவென்று பார்த்தால், நாடக நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், கல்யாண அழைப்பிதழ்கள், பத்திரிகை நறுக்குகள். வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகட்டும் என்றே அச்சிடப்பட்டவை. அவர்தான் ரோஜா முத்தையா. இன்று தமிழாய்வு செய்கிறவர்களுக்கு அது ஒரு நூலகத்தின் பெயர். அந்த மனிதரைப் பற்றிக் கேட்டால் பலர் ஓரிரு வரிகளோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சவளக்கடையில் இருந்துகொண்டு நான் ஏன் அவரைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்கலாம். ஊடகக் கற்கை படித்த காலத்தில் சினிமா வரலாற்றைப் படங்கள் வழியாகத்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். படமே கையில் இல்லாத சமூகம் தன் சினிமா வரலாற்றை எங்கே தேடுவது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் கண்ட நல்ல விடை முத்தையாவின் வாழ்க்கைதான்.

வெளியுலகில் இப்படியான சேகரிப்பு இன்று பெரிய சந்தை. 1930களில் மிக்கி மவுஸ் படங்களுக்காகத் தியேட்டர் வாசலில் நிறுத்திய அட்டை உருவங்கள், அந்த எலியின் முகம் போட்டு 1933இல் வந்த இங்கர்சோல் கைக்கடிகாரம், சுவரொட்டிகள் எல்லாவற்றையும் தேடி வாங்கிச் செப்பனிட்டு வைக்கிறார்கள். கார்ட்டூன் படங்களுக்காக ஒளிபுகும் தாள்களில் வரைந்த சித்திரங்களை ஒரு காலத்தில் கழுவிவிட்டுத் தாளை மறுபடி பாவித்தார்கள். ‘ஸ்னோ வைட்’ 1937இல் வெளிவந்த பிறகு, அதன் சித்திரங்களைச் சான் பிரான்சிஸ்கோவின் கூர்வாசியே கலைக்கூடம் விற்கத் தொடங்கியது. கழுவி ஊற்ற வேண்டியது சுவரில் மாட்டும் பொருளாயிற்று. ஆனால் ஸ்னோ வைட் படம் எங்கேயும் போய்விடவில்லை, இன்றும் பார்க்கலாம். அங்கே அட்டை உருவம் படத்துக்கு ஒரு நினைவுப்பொருள். தமிழ்ப் பக்கம் வந்தால் கதை வேறு.

1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இல்லை. நடராஜ முதலியார் எடுத்த முதல் தென்னிந்திய மௌனப்படம் ‘கீசகவதம்’ இல்லை. முப்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இல்லை. அன்றைய பிலிம் எளிதில் தீப்பற்றும், காலப்போக்கில் தானாகவே சிதையும். ஓடி முடிந்த படத்தைக் காப்பாற்றி வைக்க யாருக்கும் காரணமும் இருக்கவில்லை. இப்படியான ஒரு படத்துக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி பெரும்பாலும் தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம்தான். அட்டைப் படம், நடித்தவர்கள் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டுகள், அச்சகத்தின் பெயர். கதை முக்கியமான இடத்தில் நின்றுவிடும், மீதியைத் திரையில் பார்க்கச் சொல்வார்கள். திரையில் பார்க்க இன்று படம் இல்லாததால் சில கதைகள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

முத்தையா இளவயதில் தொழிலுக்காகச் சென்னை போனவர். அங்கே மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில்தான் இந்தப் பழக்கம் தொற்றியது. ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. திரும்பிய ஊரும் அதற்கு வாய்ப்பான ஊர். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தாரின் பெரிய வீடுகள் நிறைந்த பகுதி அது. கொழும்பில் செட்டியார் தெரு என்று நாம் சொல்வது அவர்கள் விட்டுப்போன பெயர்தான். யுத்தத்துக்குப் பிறகு பர்மா வருமானம் போயிற்று, வீடுகள் வெறிச்சோடின, பெட்டி பெட்டியாய்க் கிடந்த தாள்கள் நிறைக்கு விலைபோகத் தொடங்கின.

அவர் பெரிய பணக்காரர் அல்லர், பேராசிரியரும் அல்லர். பெயர்ப்பலகை எழுதுகிறவர். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். கடைப்பலகையில் எழுத்து எப்படி நிற்க வேண்டும், எந்த வண்ணம் தூரத்திலிருந்து கண்ணை இழுக்கும் என்று தெரிந்தவருக்கு ஒரு நாடக நோட்டீஸ் வெறும் தாளாகத் தெரிந்திருக்காது. வெயிலிலும் மழையிலும் தன் கைவேலை சில வருடங்களில் வெளுத்துப்போவதைப் பார்த்தவர் அவர். இது என் ஊகம்தான். ஆனால் பல்கலைக்கழகங்களே சினிமாவைத் தொடத் தயங்கிய நாட்களில் பாட்டுப் புத்தகத்தையும் பழைய இலக்கிய ஏடுகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்த கண் வேறெங்கிருந்து வந்திருக்கும்? சேர்த்ததை அவரே பராமரித்தார். ஆய்வாளர்கள் அவரைத் தேடிக் கோட்டையூருக்கு வந்தார்கள்.

அவர் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில் என்னென்ன எரிந்தன என்று பாருங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம், 97,000 நூல்களோடு. 1983 ஜூலையில் ஹெந்தளையில் தமிழரான கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ. அதில் போனவை பெரும்பாலும் சிங்களப் படங்களின் மூலப்பிரதிகள். தமிழன் சொத்து என்று வைத்த தீ சிங்களவர்களின் சினிமாவையே தின்றது. 1985இல் மூர் மார்க்கெட்டும் எரிந்து போயிற்று. அங்கிருந்து முன்பே கோட்டையூர் போன தாள்கள் தப்பின.

எங்கள் பக்கம் தீ மட்டுமல்ல. ஓடும்போது என்ன எடுத்தோம் என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை இருந்தால் நகை. வாப்பாவிடம் கல்முனைத் தியேட்டர்களில் வாங்கிய பாட்டுப் புத்தகங்கள் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய இருந்தன என்று உம்மா சொல்லுவா. 1990இல் அதை யாரும் தூக்கவில்லை, தூக்கவும் மாட்டார்கள். திரும்பி வந்தபோது தகரம் மட்டும் கிடந்தது. பிறகு அதில் சீனி போட்டு வைத்தோம். கடற்கரை ஊர்களில் மிஞ்சியிருந்ததை 2004இல் கடல் எடுத்தது. கிட்டங்கிப் பாதையை மாரி மழை மூடும் வருடங்களில் எங்கள் வீடுகளுக்குள்ளும் ஈரம் ஏறும், தாள் தாளோடு ஒட்டிக்கொள்ளும். ‘பொன்மணி’யும் ‘வாடைக்காற்று’ம் எழுபதுகளில் இந்த நாட்டில் ஓடிய தமிழ்ப் படங்கள். அவற்றின் ஒரு நோட்டீஸ் இன்று எத்தனை வீட்டில் இருக்கும்?

முத்தையாவின் மறைவுக்குப் பிறகு அவருடைய சேகரிப்புக்கும் ஆபத்து வந்தது. இப்படியான சேகரிப்புகள் உரியவர் போனதும் துண்டு துண்டாகத்தான் விலைபோகும், நல்லது வியாபாரிக்கும் மிச்சம் கரையானுக்கும் என்று. இங்கே சிக்காகோ பல்கலைக்கழகம் முன்வந்தது. அதன் தெற்காசிய நூலகர் ஜேம்ஸ் நை இதற்காக உழைத்தார். முழுவதையும் வாங்கினார்கள். வாங்கியதை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றவில்லை என்பதுதான் இதில் பெரிய விடயம். மொழி அறக்கட்டளையின் துணையோடு 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அதை அமைத்தார்கள். தாள்கள் தமிழ்நாட்டிலேயே இருக்க, பக்கங்களை நுண்படமாக எடுத்தார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று வந்துதான் இதைச் செய்ய வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. சிதறியிருந்தால் அந்த வருத்தம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

தமிழ்நாட்டின் நாடகமும் சினிமாவும் 1880 முதல் 1945 வரை தேசிய அரசியலோடு எப்படிப் பின்னியிருந்தன என்று ஆராய்ந்து நூல் எழுதிய தியடோர் பாஸ்கரன், பின்னாளில் இந்த நூலகத்தின் இயக்குநராகவும் இருந்தார். பாட்டுப் புத்தகத்தை வரலாற்று ஆவணமாக மதித்த ஒருவரின் கையில் அது சேர்ந்தது பொருத்தம்.

செப்பனிடும் வேலை மெதுவானது. மலிவுத் தாளில் இருக்கும் அமிலம் அதைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். முதலில் தூசி தட்டி, அமிலத்தை நீக்கி, கிழிந்த இடத்தில் மெல்லிய ஜப்பானியத் தாளை மாப்பசையால் ஒட்டுவார்கள். மாப்பசை ஏனென்றால், நாளைக்குத் தேவைப்பட்டால் ஈரம் காட்டிக் கழற்றிவிடலாம். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேரெதிர். செலோடேப் ஒட்டுகிறோம், அது மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். பத்திரம் என்று லேமினேட் செய்கிறோம், பிறகு அதைப் பிரிக்க முடியாது. வெள்ளத்தில் நனைந்த தாளை வெயிலில் காயப் போடாமல் மின்விசிறிக் காற்றில் விரித்துக் காயவைப்பது நல்லது. கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதற்குச் செலவே இல்லை. ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005இலிருந்து இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டம் இருப்பதால், எடுத்த படத்தை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியும் இல்லை.

முத்தையா சேர்த்தவை இப்போது சென்னைத் தரமணியில் இருக்கின்றன. ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பின்னட்டையில் சோப்பு விளம்பரமோ தலைமயிர் எண்ணெய் விளம்பரமோ இருக்கும். உள்ளே, படம் அழிந்துபோன ஒரு நடிகையின் பெயரும் அவர் பாடிய பாட்டின் இராகமும் தாளமும் அச்சில் இருக்கும்.