நஞ்சினுள் மருந்து தேடிய நல்லறிஞர்

கஞ்சா என்றதும் நம் நினைவுக்கு வருவன போதையும், அதனால் சீரழிந்த குடும்பங்களுமே. அச்செடியினால் நோயாளிக்குப் பயனுண்டா என்று முறைப்படி சோதித்துப் பார்த்த பெருமகனார் ஒருவர் உண்டு. அவரே அயர்லாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் புரூக் ஓஷானசி.

லிமெரிக் நகரில் பிறந்த அவர், எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். 1831இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, அதில் நீரும் உப்புகளும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். இழந்தவற்றை இரத்தக் குழாய் வழியே ஈடுசெய்யலாம் என்றார். மறு ஆண்டே தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் அதனைச் செய்து காட்டினார். இன்று மருத்துவமனைதோறும் ஏற்றப்படும் உப்புநீருக்கு அன்றே வித்திடப்பட்டது.

1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இந்தியா வந்த ஓஷானசி, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். நாட்டு மருத்துவத்தில் கஞ்சா பயன்படுவதை உள்ளூர் அறிஞர்களிடம் கேட்டறிந்தார். கேட்டதை அப்படியே நம்பிவிடவில்லை. முதலில் விலங்குகளுக்கும், பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து, 1839இல் முடிவுகளை வெளியிட்டார். வில்வாத நோயின் இசிவு தணிந்தது. வெறிநாய்க் கடியுற்ற நோயாளி பிழைக்கவில்லை; எனினும் இறுதி நாள்களில் வேதனை குறைந்து, நீர் அருந்த முடிந்தது. அதை நோய் தீர்க்கும் மருந்தென்று அவர் கூறவில்லை. கஞ்சாவால் விளையும் சித்தப் பிரமையையும் மறைக்காமல் எழுதினார்.

பின்னர் கல்கத்தாவையும் சென்னையையும் இணைத்த தந்திக் கம்பிகளை அமைத்ததும் அவரே. 1856இல் 'சர்' பட்டம் பெற்று, 1889இல் மறைந்தார்.

அவர் தொடங்கிய தேடல் இன்று புதியதொரு துறையை எட்டியுள்ளது. இரத்தப் புற்றுநோயாளிக்குப் பிறர் தந்த குருத்தணுக்களைச் செலுத்துகின்றனர். சில வேளைகளில் அவற்றோடு வரும் நோய் எதிர்ப்பு அணுக்கள், அடைக்கலம் தந்த உடலையே அயலாகக் கருதித் தோல், குடல், ஈரல் ஆகியவற்றைத் தாக்குகின்றன. காக்க வந்த சிகிச்சையே உயிரைப் பறிப்பதும் உண்டு.

கஞ்சாவிலுள்ள, போதை தராத கன்னாபிடியால் என்னும் பொருள் இத்தாக்குதலைத் தடுக்குமா? இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான மருந்துகளுடன் நாள்தோறும் 300 மில்லிகிராம் கன்னாபிடியாலை, சிகிச்சைக்கு 7 நாள் முன்பிருந்து 30 நாள் பின்புவரை 48 பேருக்கு அளித்தனர். அதை உட்கொண்ட காலத்தில் எவருக்கும் இத்தாக்குதலின் கடும் வகை தோன்றவில்லை. நிறுத்திய பின் சிலருக்குத் தோன்றியது. சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெற்று மருந்தும் தந்து ஒப்பிட்ட ஆய்வன்று அது. ஆகவே நம்பிக்கை தருகிறதேயன்றி முடிந்த முடிபாகாது.

மாணவத் தோழர்களே! தெருவில் விற்கும் கஞ்சாவுக்கும் அளந்து தரப்படும் மருந்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைக் காட்டுவது சோதனையும், கண்டதைக் கண்டபடி கூறும் நேர்மையுமே. அவ்வழியில் அன்று நடந்தவர் ஓஷானசி. வாழ்க அவர் புகழ்!