ஒரு கையால் ஒரு 'கிளிக்': குழந்தை சீட்டுக்குப் பின்னால் இருக்கும் நில்ஸ் போலின் கதை

கேம்பர்வேனில் குடும்பத்தோடு ஊர் சுற்றும் ரீல்ஸ் உங்க கண்ணிலும் பட்டிருக்கும். குட்டி அடுப்பு, மடக்குக் கட்டில், பூப்போட்ட சீட் கவர், ஜன்னலில் திரைச்சீலை... பார்த்தாலே நாமும் கிளம்பிடலாமானு தோணும். அடுத்த முறை பார்க்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் கவனிங்க. வண்டி ஓடும்போது குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கு? அந்தச் சீட்டைப் பிடிச்சுக்கிட்டிருப்பது எது?

பெரும்பாலும் விடை, தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கி, மடியைக் கடந்து போகும் ஒரு பட்டை. தினமும் 'கிளிக்' என்று மாட்டிக்கொண்டு மறந்துவிடும் அந்த மூன்று முனை சீட் பெல்ட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பெயர், நில்ஸ் போலின். அவர் கதையைத் தெரிந்துகொண்டால், கேம்பர்வேனில் குழந்தை சீட்டை எப்படிப் பொருத்த வேண்டும் என்பதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

விமானத்தில் தொடங்கிய வேலை

ஸ்வீடனின் வடக்குக் கடலோரத்தில் ஹெர்னோசாண்ட் என்று ஓர் ஊர். அங்கே 1920 ஜூலை 17 அன்று பிறந்தார் போலின். சொந்த ஊரிலேயே மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தார். 1942-ல் சாப் விமான நிறுவனத்தில் வேலை கிடைத்தது. உலகமே போரில் எரிந்துகொண்டிருந்த காலம் அது.

சாப் நிறுவனத்தில் அவர் கைவைத்த முக்கியமான வேலை, எஜெக்‌ஷன் சீட். விமானம் இனி தப்பாது என்ற நிலையில், விமானியை இருக்கையோடு சேர்த்து வெளியே தூக்கி எறியும் அமைப்பு. கண் இமைக்கும் நேரத்தில் அவ்வளவு வேகம் கூடும்போது மனித உடம்பில் எந்த இடம் தாங்கும், எந்த இடம் தாங்காது? இதுதான் அவருடைய அன்றாடக் கேள்வி. பட்டை எலும்பின் மேல் அழுத்தினால் ஆள் பிழைப்பார். மென்மையான வயிற்றில் அழுத்தினால் காப்பாற்ற வந்த பட்டையே காயப்படுத்திவிடும். இந்தப் பாடம் பிறகு பெரிய அளவில் கைகொடுத்தது.

ஒரு வீட்டில் விழுந்த சாவு

1950-களில் கார்களில் பெல்ட் அரிது. இருந்தாலும் பெரும்பாலும் இடுப்பைச் சுற்றும் ஒற்றைப் பட்டைதான். மோதும்போது இடுப்பு நிற்கும், மேல் உடம்பு முன்னால் பாயும். தோளிலிருந்து குறுக்கே இறங்கும் வகையிலும் சிக்கல் உண்டு. மூன்று முனைகள் கொண்ட பெல்ட்டுகூட அமெரிக்காவில் ஏற்கெனவே வந்திருந்தது. ஆனால் அதன் பக்கிள் உடம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

அப்போது வால்வோ நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் குன்னார் எங்கெல்லாவ். அவருடைய உறவினர் ஒருவர் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தக் காலத்து பெல்ட்டின் குறையும் அதற்கு ஒரு காரணம். எங்கெல்லாவ் 1958-ல் போலினைத் தன் நிறுவனத்துக்கு அழைத்துவந்து பாதுகாப்புப் பொறியாளராக உட்கார வைத்தார். ஆளை வெளியே எறியும் இருக்கையைச் செய்துகொண்டிருந்தவருக்கு, இப்போது ஆளை உள்ளேயே பிடித்துவைக்கும் வேலை!

ஒரு வருஷத்துக்குள் விடை

வந்தவுடனே போலினுக்கு ஒன்று புரிந்தது. விமானி உயிர் பிழைக்க எத்தனை பட்டை வேண்டுமானாலும் கட்டிக்கொள்வார். கார் ஓட்டுபவர் அப்படி இல்லை. கடைக்குப் போய் பால் வாங்கி வர நாலு பட்டை கட்டச் சொன்னால் யார் கட்டுவார்கள்? ஒரு நிமிஷம் அசௌகரியமாக இருந்தாலும் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

ஆக, பெல்ட் பலமாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு கையால், யோசிக்காமல் மாட்ட முடிய வேண்டும். ஒரு வருஷத்துக்குள் விடை கிடைத்தது. ஒரு பட்டை மார்புக்குக் குறுக்கே, ஒரு பட்டை இடுப்புக்கு மேல். இரண்டும் இருக்கையின் பக்கத்தில் தாழ்வான ஒரே இடத்தில் சேரும். பக்கிள் வயிற்றின் மேல் இல்லை, இடுப்புக்குப் பக்கவாட்டில். பட்டைகள் கீழ்நோக்கி ஒரு 'வி' வடிவில் இறங்குவதால், இழுவிசை வந்தாலும் இடம் மாறாது. சுமை விழுவது விலா எலும்புகளிலும் இடுப்பு எலும்பிலும்தான். அவ்ளோதான் விஷயம்!

1959 ஆகஸ்ட் 13 அன்று, இந்த பெல்ட் பொருத்திய முதல் கார், ஒரு வால்வோ பிவி 544, கிறிஸ்டியான்ஸ்டாட் நகரத்து டீலரிடம் போய்ச் சேர்ந்தது. அதன்பின் நிறுவனம் செய்த காரியம்தான் இன்றும் பேசப்படுகிறது. காப்புரிமையை வைத்துக்கொண்டே, மற்ற கார் கம்பெனிகளும் அதைப் பணம் கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இன்று நீங்கள் எந்த கார் வாங்கினாலும் அதில் போலின் பெல்ட் இருக்கிறது.

நம்பாதவர்களுக்கு ஒரு கணக்கு

மக்கள் உடனே மாறிவிடவில்லை. விபத்து நடந்தால் பெல்ட்டில் சிக்கிக்கொள்வோமே என்ற பயம் பலருக்கு இருந்தது. போலின் வாதாடிக்கொண்டிருக்காமல் கணக்கெடுத்தார். ஸ்வீடனில் வால்வோ கார்கள் சிக்கிய 28,000-க்கும் மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்து, 1967-ல் முடிவை வெளியிட்டார். மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர் வேகம் வரை நடந்த விபத்துகளில், இந்த பெல்ட் போட்டிருந்த ஒருவர்கூட இறக்கவில்லை. போடாதவர்களோ வெறும் 20 கிலோமீட்டர் வேகத்தில்கூட இறந்திருந்தார்கள்.

1970-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பெல்ட் அணிவதைச் சட்டமாக்கியது. 1975-ல் ஸ்வீடனும் முன்சீட்டுக்கு அதைக் கட்டாயமாக்கியது. போலின் பெல்ட்டோடு நின்றுவிடவில்லை. 1969 முதல் நிறுவனத்தின் மைய ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். பக்கவாட்டில் மோதும்போது உயிர் காப்பது எப்படி என்றும் உழைத்து, 1985-ல் ஓய்வு பெற்றார்.

பெரியவர்களுக்குச் சரி, குட்டிக்கு?

இங்கேதான் நம்ம கேள்விக்கு வருகிறோம். போலினின் பெல்ட் வளர்ந்த உடம்புக்கு அளவெடுத்தது. குழந்தையை அதில் உட்கார வைத்தால் தோள் பட்டை கழுத்தை அறுக்கும், இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். எந்தத் தவறைத் தவிர்க்க அவர் பாடுபட்டாரோ, அதே தவறு திரும்பி வந்துவிடும்.

இதற்கு விடை தேடியவர் இன்னொரு ஸ்வீடன்காரர், மருத்துவப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன். ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் முதுகு முழுவதும் விசையைத் தாங்கும்படி படுத்திருந்ததைப் பார்த்து, குழந்தையையும் அப்படியே பின்னோக்கி உட்கார வைத்தால் என்ன என்று யோசித்தார். கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து பலவீனம். பின்னோக்கி உட்கார்ந்தால் மோதலின் விசை கழுத்தில் மட்டும் விழாமல் முதுகு முழுவதும் பரவும். 1964-ல் அவருடைய மாதிரி சீட் சோதிக்கப்பட்டது, அதே பிவி 544 காரில்தான்! ஸ்வீடனில் இன்றும் சுமார் 4 வயது வரை குழந்தைகள் பின்னோக்கியே பயணிக்கிறார்கள்.

1978-ல் வால்வோ கொண்டுவந்த பூஸ்டர் சீட் இன்னும் எளிமை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் மெத்தை. பெல்ட்டை மாற்றாமல், போலின் நினைத்த இடத்தில், அதாவது இடுப்பு எலும்பிலும் தோளிலும் அது படியும்படி பிள்ளையை உயர்த்தியது. குழந்தை சீட், பெல்ட்டுக்கு மாற்று இல்லை. அதன் துணை.

கேம்பர்வேனுக்குள் வரும்போது

காரில் எல்லாம் தயாராக இருக்கும். கேம்பர்வேன் அப்படி இல்லை. அது பாதி வீடு, பாதி வண்டி. வீட்டுக்காகச் செய்த பெஞ்சில் குழந்தை சீட்டை வைக்கும்போதுதான் போலினின் பாடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வேண்டும்.

முதலில் சீட் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பாருங்கள். ஜன்னல் ஓரமாகப் பக்கவாட்டில் இருக்கும் பெஞ்சு டீ குடிக்க அருமை. குழந்தை சீட் வைக்க அது கூடவே கூடாது. வண்டி ஓடும் திசையைப் பார்த்த இருக்கைதான் வேண்டும்.

அடுத்து பெல்ட். பழைய வேன்களில் பின்னால் இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும். பல குழந்தை சீட்டுகள் மூன்று முனை பெல்ட் இல்லாமல் வேலை செய்யாது. பெஞ்சின் ப்ளைவுட்டில் நீங்களே ஒரு பெல்ட்டை ஸ்க்ரூ போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ எடைக்கு இணையான விசை வேண்டும். ப்ளைவுட் அதைத் தாங்காது. வண்டியின் சட்டத்தோடு இணைந்த, சோதிக்கப்பட்ட இருக்கையாக இருக்க வேண்டும்.

பெல்ட் நீளம் போதுமா, பக்கிள் குழந்தை சீட்டின் சட்டத்தில் இடித்துக்கொண்டு மடங்குகிறதா என்பதையும் பாருங்கள். சீட்டுக்குத் தாங்கு கால் இருந்தால், அதன் கீழே பொருள் வைக்கும் வெற்றுப் பெட்டி இருக்கக் கூடாது, கெட்டியான தரை வேண்டும். முன்சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால், பின்னோக்கிய சீட்டை அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.

அந்த அழகான சீட் கவர்

கடைசியாக, ரீல்ஸில் பார்த்த அந்தப் பூப்போட்ட கவர். தடிமனான ஸ்பாஞ்ச் கவர் மேல் குழந்தை சீட்டை இறுக்கிக் கட்டினாலும், மோதலில் ஸ்பாஞ்ச் நசுங்கும். நசுங்கிய அளவுக்கு பெல்ட் தளரும். வழுக்கும் துணி என்றால் சீட்டே நகரும். குழந்தை சீட் வரும் இடத்தில் கவரைக் கழற்றிவிட்டு, அசல் சீட்டின் மேலேயே பொருத்துவது நல்லது. கவர் வேண்டும்தான் என்றால் மெல்லியதாக, பக்கிளுக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிக்கும் சரியான இடத்தில் திறப்பு விட்டதாக, பக்கவாட்டு ஏர்பேக்கை மூடாததாக வாங்குங்கள். குழந்தை சீட்டுக்கே வேறு கவர் போடுவதென்றால், அந்தச் சீட் தயாரித்த கம்பெனியின் கவர் மட்டும்.

எல்லாம் பொருத்தியபின் பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி இறுக்குங்கள். வண்டி ஓடும்போது கட்டிலில் தூங்க வைக்கலாமே என்று யாராவது சொன்னால், வேண்டாம். கட்டில் நிற்கும் வண்டிக்கு, சீட் ஓடும் வண்டிக்கு. இந்தியாவிலும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் பயணித்தால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு.

மறந்துபோகும் அளவுக்கு எளிமை

நில்ஸ் போலின் 2002 செப்டம்பர் 21 அன்று, 82 வயதில் காலமானார். அதே ஆண்டு அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் புகழரங்கில் அவர் பெயர் சேர்ந்தது. அதற்கு முன்பே, 1985-ல், கடந்த 100 ஆண்டுகளில் மனிதகுலத்துக்கு மிகவும் பயன்பட்ட 8 காப்புரிமைகளில் ஒன்றாக ஜெர்மனியின் காப்புரிமை அலுவலகம் இந்த பெல்ட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது.

ஆனாலும் அவர் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. மாட்டியதே ஞாபகம் இல்லாத அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்றுதானே அவர் அதைச் செய்தார்! அதனால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த ட்ரிப் கிளம்பும்போது கவரை விலக்கி, பெல்ட்டை முறுக்கல் இல்லாமல் இழுத்து, அந்த 'கிளிக்' கேட்டபிறகு வண்டியை எடுங்க. அதுபோதும்.