தேகத்தின் சமநிலை கண்ட கிளோத் பெர்னார்

சஹாரா பாலைவனத்தில் ஒட்டகத்தின் பின்னே நடக்கும் மனிதனுடைய வாயிலும், சைபீரியாவின் உறைபனியில் விறகு வெட்டும் மனிதனுடைய வாயிலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தால், இரண்டும் பாரன்ஹீட் அளவில் 98 டிகிரியை ஒட்டியே காட்டும். நேற்று விருந்துண்டவனையும், நேற்று முழுதும் உபவாசமிருந்தவனையும் இன்று காலையில் சோதித்தால், இருவர் ரத்தத்திலும் சர்க்கரை அநேகமாகச் சமமாகவே இருக்கும். வெளியுலகம் இவ்வளவு மாறியும் உள்ளுலகம் மாறாதிருப்பது எங்ஙனம்? இக்கேள்வியைச் சோதனைக்கு உரிய கேள்வியாக்கி, அதற்கு விடையும் தேடியவர் பிரஞ்சு தேசத்துச் சாஸ்திரி கிளோத் பெர்னார். பாஸ்டியர் என்ற பெயரை நம்மவரில் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவருடைய நண்பராகிய பெர்னாரையோ வைத்திய மாணாக்கரன்றிப் பிறர் அதிகம் அறியார். ஆகவே அவருடைய சரித்திரத்தை இங்கே சுருக்கிக் கூறத் துணிந்தோம்.

1813-ம் வருஷம் ஜூலை 12-ந் தேதி, லியோன் நகருக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்கள் மலிந்த போஜொலே பிரதேசத்தில், ஸேன் ஜூலியேன் என்ற சிற்றூரில் பெர்னார் பிறந்தார். தகப்பனார் திராட்சை பயிரிட்டவர். கையில் பொருள் தங்கவில்லை. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்த அப்பிள்ளையை மகா மேதாவி என்று அக்காலத்தில் ஒருவரும் கருதவில்லை. பத்தொன்பது வயதளவில் லியோனை அடுத்த வேஸ் என்னுமிடத்தில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். சர்வரோக நிவாரணியென மக்கள் நம்பி வாங்கிய ஒரு பழைய லேகியம் அக்கடையில் செய்யப்பட்டு வந்தது. கெட்டுப்போன சரக்குகளையும் மிஞ்சிய கசடுகளையும் எறியாமல் அந்த லேகியத்திற்கென எடுத்து வைக்கும்படி எஜமானர் கட்டளையிடுவாராம். மருந்தென்று விற்கப்படுவதெல்லாம் மருந்தல்ல என்ற ஐயம் அவர் உள்ளத்தில் அங்கேதான் வேரூன்றியிருத்தல் வேண்டும்.

ஆனால் அவ்விளைஞரின் ஆசை நாடகத்தின்மீதே சென்றது. ரோன் நதியின் ரோஜா என்ற ஹாஸ்ய நாடகமொன்றை எழுதினார். அது லியோனில் நடிக்கப்பட்டு ஓரளவு பாராட்டும் பெற்றது. உடனே பிரித்தானி நாட்டு இளவரசன் ஆர்தரைக் கதாநாயகனாக்கி ஐந்து அங்கங்களில் பெரியதோர் நாடகம் புனைந்து, அதைக் கையிலெடுத்துக்கொண்டு 1834-ல் பாரிஸ் சென்றார். அங்கே ஸேன் மார்க் ஜிரார்தேன் என்ற பிரபல விமர்சகர் அதைப் படித்துவிட்டு, வயிற்றுப் பிழைப்புக்கு வைத்தியம் கற்றுக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கவிதை எழுதலாமென்று புத்தி கூறியனுப்பினார். ஒரு விமர்சகர் உலகத்துக்குச் செய்யக்கூடிய நன்மை இதனினும் பெரிதாக இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

வைத்தியக் கல்லூரியிலும் அவர் பிரகாசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உள்ளுறை மாணாக்கர் பதவிக்கான பரீக்ஷையில் தேறிய 29 பேரில் அவர் 26-வது. பிற்பாடு உபாத்தியாயர் பதவிக்கு நடந்த போட்டியிலும் 1844-ல் தோல்வியே கண்டார். ஆனால் மாஜாந்தி என்ற பேராசிரியர் இம்மாணவனுடைய கைத்திறனைக் கண்டுகொண்டார். 1841 முதல் கொலேஜ் த பிரான்ஸ் என்ற புகழ்பெற்ற கலாசாலையில் அவருக்கு உதவியாளராகப் பெர்னார் அமர்ந்தார். ஆராய்ச்சிசாலை என்று பெயர். உண்மையில் அது ஈரம் கசியும் நிலவறை போன்றது. பணமுடை மிகுந்து ஊருக்கே திரும்பிக் கிராம வைத்தியராகிவிடலாமா என்று யோசித்த காலமும் உண்டு. 1845-ல் நடந்த விவாகமும், மனைவி கொணர்ந்த சீதனமுமே அவரைப் பாரிஸில் நிறுத்தின. அந்த விவாகத்தின் பலனைப் பின்னர் கூறுவோம்.

அவருடைய பார்வையின் தன்மையை விளக்க முயல்களின் கதை ஒன்றே போதும். ஒருநாள் சந்தையிலிருந்து சில முயல்கள் ஆராய்ச்சிசாலைக்கு வந்தன. அவை மேஜைமீது விட்ட சிறுநீர் தெளிந்தும் புளித்தன்மை உடையதாயும் இருப்பதைப் பெர்னார் கவனித்தார். புல் தின்னும் பிராணியின் சிறுநீர் கலங்கலாயும் காரத்தன்மை உடையதாயும் இருப்பதே வழக்கம். தெளிந்து புளிப்பாயிருப்பது மாமிசம் தின்னும் பிராணியின் இலக்ஷணம். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பர். பெர்னாரோ நல்ல வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதைப்போல் அம்முயல்களை விசாரிக்கத் தொடங்கினார். அவை பல மணி நேரம் பட்டினி கிடந்திருக்க வேண்டும். பட்டினியில் தம் சொந்தத் தசையையே எரித்து உயிர் வாழ்ந்திருக்க வேண்டும். அப்படியானால் அவை அவ்வமயம் மாமிச பக்ஷணிகளே. புல் கொடுத்தார், சிறுநீர் கலங்கிற்று. மறுபடி பட்டினி போட்டார், தெளிந்தது. அம்மட்டோடு நில்லாது வேகவைத்த மாட்டிறைச்சியையே முயல்களுக்கு ஊட்டினார். அப்போதும் தெளிந்தே இருந்தது. அம்முயல்களை அறுத்துப் பார்த்தபோது, கணையத்தின் நீர் குடலில் வந்து சேரும் இடத்துக்குக் கீழேதான் கொழுப்பு வெண்மையாகி உறிஞ்சப்படுவதைக் கண்டார். கொழுப்பின் ஜீரணத்தில் கணையத்துக்குள்ள பங்கு இங்ஙனம் வெளிப்பட்டது. உணவு உள்ளே செல்லாதபோதும் தேகம் தன்னுள்ளிருந்தே தனக்கு வேண்டியதை எடுத்து நிரவிக்கொள்கிறது என்பதையும் அம்முயல்கள் கூறின.

இதனினும் பெரியது சர்க்கரையைப் பற்றியது. சர்க்கரையைப் படைக்கும் வன்மை தாவரங்களுக்கே உண்டு, பிராணிகள் அதை உண்டு அழிக்க மட்டுமே வல்லன என்று அக்காலத்து ரஸாயன பண்டிதர்கள் முடிவு கட்டியிருந்தனர். பெர்னார் அதை நம்பியே, உண்ட சர்க்கரை தேகத்தில் எவ்விடத்தில் அழிகிறதென்று கண்டறியப் புறப்பட்டார். 1848-ல் மாமிசம் ஒன்றையே தின்ற நாயின் ரத்தத்தைச் சோதித்தார். நாளங்களைக் கட்டிப் பார்த்தபோது, குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் சர்க்கரை இல்லை. கல்லீரலினின்று வெளியேறும் ரத்தத்திலோ நிறைய இருந்தது. உண்ணாத சர்க்கரை எங்கிருந்து வந்தது? கல்லீரலே அதை ஆக்கித் தருகிறது என்பதன்றி வேறு விடையில்லை.

பண்டிதர்கள் எளிதில் ஒப்பவில்லை. லூயி பிகியே என்பவர் கல்லீரல் வெறும் களஞ்சியமேயன்றி ஆலையல்லவென்று 1855-ல் வாதாடினார். விஷயம் விஞ்ஞான சபையின் விசாரணைக்கு வந்து பெர்னார் பக்கமே தீர்ப்பாயிற்று. அதே ஆண்டில் அவர் காட்டிய சாக்ஷியம் எந்த நீதிமன்றத்திலும் எடுபடக்கூடியது. அறுத்தெடுத்த கல்லீரலின் நாளத்தில் குழாய் நீரைப் பாய்ச்சி, சர்க்கரை அறவே நீங்கும்வரை கழுவினார். அதை ஒருநாள் வைத்திருந்து மறுபடி சோதித்தார். ஏராளமான சர்க்கரை தோன்றியிருந்தது. உயிர் நீங்கிய பின்னும் அவ்வுறுப்பு தன் தொழிலை விடவில்லை. ஆகவே சர்க்கரையாக மாறத்தக்க மூலப்பொருளொன்று அதனுள்ளே இருத்தல் வேண்டும். 1857-ல் மாவை ஒத்த அப்பொருளைப் பிரித்தெடுத்து அதற்குக் கிளைக்கோஜென் என்று பெயரிட்டார். உணவு வரும்போது சர்க்கரையை மாவாக்கிச் சேமித்து, பசிக்கும்போது மாவைச் சர்க்கரையாக்கிச் செலவிடும் அரண்மனைக் களஞ்சியக்காரனைப்போல் கல்லீரல் நடந்துகொள்கிறது. இவ்வாறு ஓர் உறுப்பு தான் ஆக்கும் பொருளை வெளியே தள்ளாமல் நேரே ரத்தத்தில் சேர்ப்பதை உட்சுரப்பு என்றழைத்தவரும் அவரே.

கழுத்திலுள்ள ஒரு நரம்பை அறுத்தால் முயலின் காது குளிருமென எதிர்பார்த்து, அது சூடேறக் கண்டு, ரத்தக் குழாய்களைச் சுருக்கவும் விரிக்கவும் நரம்புகள் உண்டென்று நிறுவினார். தேகம் வெயிலில் சிவந்து உஷ்ணத்தை வெளிவிடுவதும், குளிரில் வெளிறி அதைக் காப்பதும் இவற்றின் வேலையே. கரிப்புகை மனிதரைக் கொல்வது ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது கைப்பற்றுவதாலென்பதையும் விளக்கினார். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒருவருடைய ஆயுட்காலப் புகழுக்குப் போதுமானது.

இத்தனை சோதனைகளும் உயிருள்ள பிராணிகளை அறுத்துச் செய்யப்பட்டவை. மயக்க மருந்தாகிய ஈதர் 1846-ல்தான் வழக்கிற்கு வந்தது; வந்த பின்னரும் எல்லாச் சோதனைகளிலும் அது கையாளப்படவில்லை. தென்னமெரிக்க வனவாசிகள் அம்பில் தடவும் கியூராரே என்னும் விஷம் தசையை அசைவற்றதாக்குமேயன்றி உணர்ச்சியைப் போக்காதென்று கண்டறிந்தவர் பெர்னாரேயாவார். அவருடைய மனைவியார் இவ்வேலையை அருவருத்து, பிராணிவதையை எதிர்த்தோர் பக்கம் நின்றார். இரண்டு பெண்களும் தாயாரைப் பின்பற்றினர். 1869-ல் தம்பதிகள் பிரிந்தனர். அவர் சாலையில் வேலை செய்து திரும்பியவராகக் கருதப்படும் ஜார்ஜ் ஹாகன் என்ற வைத்தியர், தாம் கண்ட கொடுமைகளை 1875-ல் லண்டன் பத்திரிகையொன்றில் வெளியிட்டார். அதனாலெழுந்த கிளர்ச்சியின் முடிவாக 1876-ல் ஆங்கிலப் பார்லிமெண்டு பிராணிச் சோதனைகளுக்கு லைசென்ஸ் கேட்கும் சட்டமியற்றிற்று.

பெர்னாரைப் போற்றுவோர் இவ்வத்தியாயத்தை விழுங்கிவிடுவது வழக்கம். நமக்கு அது நேர்மையாகத் தோன்றவில்லை. அச்சோதனைகளின்றி நீரிழிவைப் பற்றிய அறிவு பிறந்திராது என்பது மெய். அந்நாய்கள் பட்ட துன்பமும் மெய். ஒன்று மற்றொன்றைத் தள்ளுபடி செய்யாது. விஞ்ஞானி தன் எண்ணத்தில் ஆழ்ந்திருக்கும்போது பிராணியின் ஓலம் அவன் காதில் விழாதென்று பெர்னார் எழுதியதைப் படிக்கும்போது, அவ்வீட்டுப் பெண்களின் பக்கமே நம் மனம் சாய்கிறது.

1860-க்குப் பின் கடுமையான வயிற்று நோய் கண்டு அவர் அடிக்கடி ஸேன் ஜூலியேன் சென்று தங்க நேர்ந்தது. கத்தியும் மேஜையும் இல்லாத அவ்வோய்வில்தான் கண்டவற்றைக் கோவைப்படுத்திச் சிந்தித்தார். 1865-ல் வெளிவந்த சோதனை முறை வைத்தியம் பற்றிய நூல் அதன் பயன். அவருடைய முதிர்ந்த கொள்கை இது: உயர்ந்த பிராணி இரண்டு உலகங்களில் வாழ்கிறது. ஒன்று காற்றும் வெயிலும் மழையுமாகிய வெளியுலகம். மற்றது அதன் உயிரணுக்கள் நீரில் மீன்போல் மிதக்கும் உள்ளுலகம், அதாவது ரத்தநீரும் நிணநீரும். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆளின் தேகத்தில் சுமார் 42 லிட்டர் நீர் உண்டென்றும், அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உயிரணுக்களுக்கு வெளியே நிற்பதென்றும் இன்று அறிவோம். அந்நீரின் உஷ்ணம், உப்பு, சர்க்கரை, பிராணவாயு ஆகியவை மாறாதபடி எல்லா உறுப்புகளும் இடைவிடாது உழைக்கின்றன. அசையாதிருப்பதுபோல் தோன்றும் அச்சமநிலை ஓய்வின் பலனன்று. இழப்பை வரவு கொண்டு ஈடுசெய்யும் ஓயாத உழைப்பின் பலன். உலர்ந்த விதையின் வாழ்வு உறக்கம். குளிரில் மரத்துப்போகும் தவளையின் வாழ்வு வெளியுலகுக்கு அடிமை. உள்ளுலகை நிலைநிறுத்திக்கொண்ட பிராணியே சுதந்திரமாகத் திரிய வல்லதென்று அவர் வகுத்தார்.

சுதந்திரம் என்ற சொல்லைக் கண்டதும் இதை அரசியல் மேடைக்கு இழுத்துச் செல்லும் ஆசை நம் நண்பர் பலருக்கு எழும். பெர்னார் கூறியது தவளையையும் முயலையும் பற்றி, ராஜ்யங்களைப் பற்றியல்ல. மற்றும் சிலர், வாத பித்த கபங்களின் சமநிலையே ஆரோக்கியமென்று நம் வைத்திய நூல்கள் முன்னரே கூறவில்லையா என்பர். கூறின, கிரேக்கரும் தம் முறையில் கூறினர். சமநிலை என்ற எண்ணம் பழையது. எந்தப் பொருள், எந்த உறுப்பால், எவ்வழியில் காக்கப்படுகிறதென்று அளந்து காட்டி, ஐயுறுவோன் தானே செய்து பார்க்கவும் வழிசொன்னதுதான் புதிது.

விந்தையொன்றையும் குறிப்பிட வேண்டும். கணையத்தையும் ஆராய்ந்தார், நீரிழிவையும் ஆராய்ந்தார், இரண்டுக்குமுள்ள உறவு மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பிற்று. கணையத்தின் குழாயில் கொழுப்பைச் செலுத்தி அதைச் சிதையச் செய்தபோது நாய்க்கு நீரிழிவு காணவில்லை. சர்க்கரையை ஆளும் நுண்ணிய திட்டுகள் அவ்வழிவுக்குத் தப்பி நின்றதே காரணம். 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் கணையத்தை முழுதும் நீக்கி நாய்க்கு நீரிழிவு வரக் கண்டனர். 1921-ல் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்க வழி கண்டனர். அமெரிக்க சாஸ்திரி வால்டர் கானன் 1926-ல் தேகத்தின் சமநிலைக்கு ஹோமியோஸ்டாஸிஸ் என்ற பெயர் சூட்டினார். 1971-ல் வங்காள எல்லையிலுள்ள வனகாவ் அகதி முகாமில், வாந்திபேதியால் உள்நீர் வற்றிக் கிடந்தோருக்கு டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டி ஆயிரக்கணக்கானோரைப் பிழைப்பித்ததும் அவ்வுள்ளுலகைச் சீர்செய்த வேலையே.

கடைசிக் காலத்தில் கௌரவங்கள் குவிந்தன. மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி அவருடன் நெடுநேரம் உரையாடி வியந்து, நல்ல ஆராய்ச்சிசாலை கிடைக்கச் செய்தார். 1869-ல் ஸெனெட் அங்கத்தினராகவும் நியமித்தார். மறு ஆண்டு சக்கரவர்த்தியின் ஆட்சியே போயிற்று; பெர்னாரின் புகழுக்கு அதனால் குறைவு நேரவில்லை. 1877-78 குளிர்காலத்தில் சிறுநீரக நோய் அவரைப் படுக்கையில் தள்ளிற்று. 1878 பிப்ரவரி 10-ந் தேதி பாரிஸில் காலமானார். குடியரசு தன் செலவில் ராஜ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தது. பிரஞ்சு தேசத்தில் அதற்கு முன் எந்த விஞ்ஞானிக்கும் அம்மரியாதை கிடைத்ததில்லை. உள்ளுலகைப் பற்றிய உபந்நியாசங்களின் தொகுதி அவர் மறைந்த அதே ஆண்டில் வெளிவந்தது. ஸேன் ஜூலியேனில் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே அவருடைய வீடு காட்சிசாலையாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.