விண்மீன் அளந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி

நம் தெங்கேரா பள்ளிவாசல் 1728-இல் கட்டப்பட்டது. கைக்கடிகாரம் இல்லாத அந்நாளில், சூரியன் உச்சி சாய்ந்ததை நிழலைக் கொண்டு அறிந்துதான் லுஹருக்குப் பாங்கு சொல்வார்கள். விண்மீன்கள் அதே உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் ஒருவரை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

அவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்தில் இளம் வயதிலேயே சேர்ந்து, தலைமை உதவியாளராக உயர்ந்தார்.

1862 முதல் அங்கே லண்டன் டிரௌட்டன் சிம்ஸ் நிறுவனத்தாரின் உச்சிவட்டத் தொலைநோக்கி இயங்கியது. அதன் அச்சில் பாகை, கலை எனக் கோடு கீறிய பெரிய வட்டம் உண்டு. ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் ஒரு விகலை என்பது மில்லிமீட்டரில் 400-இல் ஒரு பங்குதான்! எவ்வளவு கைதேர்ந்தவர் கீறினாலும் கோடுகள் அந்த அளவுக்குச் சரியாக அமையா. வட்டத்தின் நடுவும் அச்சின் நடுவும் இம்மியளவாவது விலகியிருக்கும். ஆகவே எதிரெதிரே நுண்ணோக்கிகளை வைத்துப் படிப்பார்கள். ஒன்றில் கூடுவது மற்றதில் குறையும். சராசரி எடுத்தால் விலகல் நீங்கும். கோடுகளின் பிழையை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கண்டு, கணக்கில் திருத்துவார்கள். பாதரசத் தட்டில் கருவியின் பிம்பத்தையே பார்த்து, நேர்கீழ்த் திசையை உறுதி செய்வார்கள்.

இரவெல்லாம் இப்பணி. 1867-இல் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளி, சூரியனைக் கடந்தபோது, பொதுமக்கள் விளங்கிக்கொள்ள அவர் எழுதிய சிறுநூல் உருதுவிலும் வெளிவந்தது. பஞ்சாங்கமும் கண்ணால் கண்ட வானத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று வாதாடினார். பழைய முறையையே பற்றி நின்றவர்களின் எதிர்ப்பையும் தாங்கினார்.

1880 பிப்ரவரி 5-இல் அவர் காலமானார். 5,303 விண்மீன்களின் இடத்தைக் காட்டும் அந்தப் பெரும்பணி அச்சேறியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே. அதை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

நல்ல கருவி கையில் இருந்தும், அதிலும் பிழை இருக்கும் என்று முதலில் அதையே சோதித்தவர்கள் அவர்கள். படிக்கும் நம் பிள்ளைகள் அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.