பத்து வெள்ளி கேட்ட தலைவர்

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கிறேன். போன வருஷம் நம்ம ஜார்ஜ்டவுன் முகாமுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு எனக்கு. 20 இடம் காலியா இருந்தது. ஆனா ஜூனியர் தம்பிங்ககிட்ட இன்னும் மூணே இடம்தான் இருக்குன்னு சொல்லிட்டேன். ஒரு தம்பி நண்பனிடம் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினான். முகாமில் காலி நாற்காலிகளைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அதுக்கப்புறம் அவன் நம்ம பக்கமே வரலை.

அந்த உறுத்தலில்தான் துன் வீ. தி. சம்பந்தனின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். பெயர் நமக்கெல்லாம் தெரியும். ஆனா அவர் மக்களிடம் எப்படிப் பேசி நம்பிக்கை வாங்கினார் என்று நான் யோசித்ததே இல்லை.

1919 ஜூன் 16-இல் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். முழுப்பெயர் திருஞானசம்பந்தன். அப்பா வீராசாமி ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். கோலாகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும், பிறகு தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். காந்தியின் வழி அவர் மனசில் ஊறியது. 1955-இல் ம.இ.கா. தலைவரானார்; அதே ஆண்டு துங்குவின் அமைச்சரவையிலும் இடம்பெற்றார்.

அப்போதுதான் தோட்டத் துண்டாடல் பெரிய பிரச்சினையாக வந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். பால்மரம் வெட்டிப் பிழைத்த நம் மக்களுக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது.

1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்குவதுதான் திட்டம். பங்குப் பணத்தை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. அமைச்சராக இருந்தும் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் மக்களைச் சந்தித்துக் கேட்டார். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பிறகு வேறு தோட்டங்களும் வந்தன.

ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1984-இல் வெளியிட்ட நூலில் ஆறு தூண்டுதல்களைச் சொல்கிறார். கைம்மாறு, கொடுத்த வாக்கு, பலர் செய்வதைப் பார்த்துச் செய்வது, அதிகாரம், பிரியம், தட்டுப்பாடு. நான் பயன்படுத்தியது தட்டுப்பாடு. யோசித்துப் பார்த்தால் சம்பந்தன் பேச்சிலும் அது இருந்திருக்கும்: தோட்டங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன, காலம் குறைவு. ஆனா அவர் காட்டிய ஆபத்து நிஜம். நான் காட்டியது பொய். அவர் கேட்ட பணம், கொடுத்தவரையே பங்குதாரர் ஆக்கியது. நான் கேட்ட பணம் என் கணக்கில் ஆள் எண்ணிக்கையைத்தான் கூட்டியது.

இன்னொன்று, அவரிடமிருந்தே கொடுத்தது. அப்பா விட்டுப்போன சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்வில் கரைந்தது. 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்ததும் அவர் முயற்சியால்தான். தான் கொடுத்துவிட்டுக் கேட்பவரை மக்கள் நம்புவதில் என்ன ஆச்சரியம்?

1973-இல் தலைவர் பதவியை விட்டார். 1979 மே 18-இல் மறைந்தார். சங்கம் இன்னும் இருக்கிறது. கோலாலம்பூரில் அவர் பெயரில் கட்டடமும் நிற்கிறது.

தைப்பூசம் வருது. தண்ணீர்மலைத் தொண்டுக்கு ஆள் சேர்க்க நாம் எல்லோரும் கிளம்புவோம். அதற்கு முன்னால் மூணு கேள்வி கேட்டுக்குவோம். நான் சொல்றது உண்மையா? இதில் அவனுக்கு நன்மை இருக்கா? எல்லா விவரமும் தெரிந்த பிறகும் அவன் சரின்னு சொல்வானா?

அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றான். தொண்டுக்கு வர்றியான்னு மட்டும் நான் கேட்கலை. முதலில் நம்பிக்கை திரும்பட்டும். அவனே வந்தால் வரட்டும்.