பீட்டர் முயலை வரைந்த பெண்

நீல நிறச் சட்டை போட்ட ஒரு முயல்குட்டியின் படத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். கோப்பையில், குழந்தையின் போர்வையில், பிறந்தநாள் அட்டையில் என்று அது எங்கும் இருக்கும். அந்த முயலின் பெயர் பீட்டர். அதை வரைந்து அதற்குக் கதையும் எழுதியவர் பியட்ரிக்ஸ் பொட்டர் என்ற ஆங்கிலப் பெண்மணி. முயலைத் தெரிந்த அளவுக்கு அவரைத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைவு. அவருடைய வாழ்க்கையை வாசித்தபோது, அது முயலின் கதையைவிடச் சுவையானது என்று எனக்குப் பட்டது.

1866 ஜூலை 28 ஆம் திகதி லண்டனில் ஒரு செல்வந்தக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பாட்டன்மார் பருத்தி வியாபாரத்தில் சேர்த்த பணம் அது. தந்தை சட்டம் படித்தவர். ஆனாலும் புகைப்படம் எடுப்பதிலேயே அவருக்கு நாட்டம் அதிகம். பியட்ரிக்ஸ் பாடசாலைக்குப் போகவே இல்லை. அக்கால வழக்கப்படி ஆசிரியைமார் வீட்டுக்கே வந்து கற்பித்தார்கள். ஆறு வயது இளைய தம்பி பேர்ட்ரம் மட்டும் உரிய வயது வந்ததும் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். அக்காவோ வீட்டின் மேல்மாடியிலேயே வளர்ந்தார்.

ஆனால் அந்த மேல்மாடி வெறுமையாக இருக்கவில்லை. முயல், சுண்டெலி, முள்ளெலி, தவளை, பல்லி, வௌவால் என்று அக்காவும் தம்பியும் ஒரு சிறிய மிருகக்காட்சிச்சாலையே வைத்திருந்தார்கள். வளர்த்த பிராணி இறந்துபோனால் சும்மா அழுதுவிட்டுப் புதைத்துவிடுவதில்லை. சில வேளைகளில் அதை அவித்து, எலும்புகளை வேறாக்கி, எது எதோடு பொருந்துகிறது என்று பார்த்து வரைவார்கள். வாசிக்கும்போது கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் சட்டை போட்டிருந்தாலும் பீட்டர் ஒரு பொம்மையாகத் தெரியாமல் உண்மையான முயலாகவே தெரிவதற்குக் காரணம் இதுதான். அந்தச் சட்டைக்குள் இருக்கும் தோள்பட்டை எலும்பு எங்கே வளைகிறது என்பது வரைந்தவருக்குத் தெரியும்.

ஏறக்குறைய 15 வயதிலிருந்து 30 வயது வரை அவர் ஒரு நாட்குறிப்பு எழுதினார். அதைத் தானே உருவாக்கிய இரகசிய எழுத்துகளில், மிகப் பொடியாக எழுதினார். அவர் இறந்த பின்பும் பல ஆண்டுகள் அதை யாராலும் வாசிக்க முடியவில்லை. 1958 இல்தான் லெஸ்லி லிண்டர் என்பவர் அதன் திறவுகோலைக் கண்டுபிடித்தார். ஒளித்து வைக்க வேண்டிய பெரிய இரகசியம் எதுவும் உள்ளே இல்லை. பார்த்த ஓவியங்கள், வந்த விருந்தாளிகள், நாட்டு நடப்புகள், இவற்றைப் பற்றிய தன் அபிப்பிராயங்கள், அவ்வளவுதான். அபிப்பிராயம் வைத்திருப்பதையே ஒரு பெண்பிள்ளை ஒளிக்க வேண்டியிருந்த வீடு அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உயிரியல் படிக்கும் மாணவிகள் இனி வரும் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். பியட்ரிக்ஸுக்குப் பங்கசுகளில், குறிப்பாகக் காளான்களில், பெரும் ஈடுபாடு வந்தது. கோடை விடுமுறைக்கு ஸ்கொட்லாந்து போகும்போது அங்கே சார்ள்ஸ் மக்கின்டோஷ் என்ற தபால்காரர் அவருக்கு வழிகாட்டினார். இயற்கையை நன்கறிந்த அவர், அரிய காளான்களைத் தேடிக் கொடுப்பார். இவர் அவற்றை வர்ணத்தில் வரைவார். வரைவதோடு நிற்கவில்லை. காளானின் வித்திகளைக் கண்ணாடித் தட்டில் முளைக்கச் செய்து, நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் வரைந்து வைத்தார். வீட்டுச் சமையலறையையும் ஆய்வுகூடமாக்கிக்கொண்டார்.

இந்த வேலையைக் கியூ தாவரவியல் பூங்காவின் அறிஞர்களிடம் காட்ட முயன்றார். உலகத் தாவரவியலுக்கே தலைமையகம் போலிருந்த இடம் அது. நமது பேராதனைப் பூங்காவும் அதனோடு தொடர்பு வைத்திருந்தது. மாமா சேர் ஹென்றி ரொஸ்கோ பெயர்பெற்ற இரசாயனவியலாளர் என்பதால் உள்ளே போக அனுமதி கிடைத்தது. ஆனால் பணிப்பாளர் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. இறுதியில் 1897 ஏப்ரல் 1 ஆம் திகதி, வித்திகள் முளைப்பது பற்றிய அவரது கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. சமர்ப்பித்தவர் கியூவைச் சேர்ந்த ஜோர்ஜ் மஸ்ஸி. எழுதியவர் அந்த மண்டபத்தில் இருக்கவில்லை. பெண்களுக்கு அங்கே உறுப்புரிமையும் இல்லை, கூட்டத்தில் இருக்க இடமும் இல்லை. கட்டுரை திருத்தத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டது. பிறகு அச்சேறவே இல்லை, அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1997 இல், அவரை நடத்திய விதம் சரியில்லை என்று அதே சங்கம் ஏற்றுக்கொண்டது. அவர் வரைந்த காளான் படங்களோ, 1967 இல் வெளிவந்த ஒரு பங்கசு நூலில் அறிவியல் படங்களாகவே சேர்க்கப்பட்டன.

முயல் எங்கே வந்தது? அது இதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்டது. பியட்ரிக்ஸுக்குக் கற்பித்த ஆசிரியைகளுள் ஒருவரான அனி மூர் திருமணமாகிப் பிள்ளைகளோடு இருந்தார். மூத்தவன் நோவல் சுகமில்லாமல் கட்டிலில் கிடந்தான். 1893 செப்டெம்பர் 4 ஆம் திகதி, ஸ்கொட்லாந்திலிருந்து ஐந்து வயதான அவனுக்குப் பியட்ரிக்ஸ் ஒரு கடிதம் எழுதினார். எழுத விஷயம் இல்லாததால் நான்கு முயல்குட்டிகளின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார்.

கதை எளிமையானது. வெளியே போகலாம், ஆனால் மக்கிரெகர் ஐயாவின் தோட்டத்துக்குள் மட்டும் போகக் கூடாது என்று தாய் சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிறாள். காரணமும் சொல்கிறாள்: பிள்ளைகளின் தந்தை அங்கே பிடிபட்டுச் சமையலுக்குப் போய்விட்டார். மூன்று பெண் குட்டிகளும் சொன்ன சொல் கேட்டுப் பழம் பறிக்கப் போகின்றன. பீட்டர் நேரே அந்தத் தோட்டத்துக்கே ஓடி, கதவின் கீழால் நுழைகிறான். சலாது இலை, போஞ்சி, முள்ளங்கி என்று வயிறு முட்டத் தின்கிறான். பிறகு மக்கிரெகர் கண்டுவிடுகிறார். வலையில் சிக்கி, நீர் ஊற்றும் வாளிக்குள் ஒளிந்து, சட்டையையும் சப்பாத்தையும் தொலைத்து ஒருவாறு வீடு வந்து சேர்கிறான். என் தங்கைக்கு இதைத் தமிழில் சொன்னபோது, அவள் மக்கிரெகரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சப்பாத்து தொலைந்ததற்கு உம்மா ஏசவில்லையா என்றுதான் கேட்டாள். உண்மையில் கதையில் தாய் ஏசுவதில்லை. இரண்டு வாரத்துக்குள் தொலைந்த இரண்டாவது சோடி என்று யோசித்துவிட்டு, கசாயம் கொடுத்துப் படுக்க வைக்கிறாள். அந்தத் தாயைப் பற்றியும் யாராவது ஒரு புத்தகம் எழுதலாம்.

மூர் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் புத்தகம் சாத்தியமாயிற்று. பியட்ரிக்ஸ் கடிதத்தை இரவல் வாங்கி, கதையை விரித்து, வெளியீட்டாளர்களுக்கு அனுப்பினார். ஆறு பேராவது மறுத்தார்கள். சிலருக்குப் புத்தகம் பெரிதாக இருக்க வேண்டும். அவருக்கோ சின்னக் கைகள் பிடிக்கக்கூடிய சின்னப் புத்தகம், சின்ன விலை வேண்டும். விட்டுக்கொடுக்காமல், 1901 டிசெம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அவை விரைவில் தீர்ந்து போயின. முன்பு மறுத்தவர்களுள் ஒருவரான பிரெட்ரிக் வோர்ன் நிறுவனம் மனம் மாறி, 1902 ஒக்டோபரில் வர்ணப் படங்களோடு வெளியிட்டது. விலை ஒரு ஷில்லிங். முதலில் அச்சிட்ட 8,000 பிரதிகளும் போதாமல் அந்த ஆண்டு முடிவதற்குள் மீண்டும் மீண்டும் அச்சிட்டார்கள். அடுத்த ஆண்டே பீட்டர் பொம்மை ஒன்றைத் தானே தைத்து அதன் உரிமையையும் பதிவு செய்துகொண்டார். அமெரிக்காவில் மட்டும் நூலின் உரிமை பதியப்படாததால், அங்கே வேறு யார் யாரோ அச்சிட்டு விற்றார்கள்.

அந்த நிறுவனத்தில் புத்தகங்களைக் கவனித்துக்கொண்ட நோர்மன் வோர்ன் 1905 ஜூலையில் அவரைப் பெண் கேட்டார். பியட்ரிக்ஸுக்கு அப்போது 39 வயது ஆகப் போகிறது. வியாபாரிக்கு மகளைக் கொடுப்பதா என்று பெற்றோர் மறுத்தார்கள். தங்கள் செல்வமே பருத்தி வியாபாரத்தில் வந்தது என்பதை அவர்கள் மறந்திருக்க வேண்டும். பியட்ரிக்ஸ் சம்மதித்து மோதிரமும் அணிந்துகொண்டார். ஒரு மாதத்தில் நோர்மன் இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அப்போது அவர் குடும்பத்தோடு வேல்ஸில் இருந்தார்.

அதே ஆண்டில், புத்தகங்களால் கிடைத்த பணத்தையும் உறவினர் விட்டுச்சென்ற சிறு தொகையையும் கொண்டு, இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் ஹில் டொப் என்ற பண்ணையை வாங்கினார். அந்த வீட்டின் படிக்கட்டும் தோட்டமும் பிறகு வந்த பல புத்தகங்களில் அப்படியே இருக்கின்றன. முயல்களைத் துரத்தும் மக்கிரெகர் ஐயாவின் நிலை இப்போது அவருக்கே வந்துவிட்டது, அவரும் மரக்கறித் தோட்டத்துக்குச் சொந்தக்காரி! 1913 ஒக்டோபரில், காணி வாங்க உதவிய சட்டத்தரணி வில்லியம் ஹீலிஸைத் திருமணம் செய்தார். அதற்கும் வீட்டில் எதிர்ப்புத்தான். வயது 47 ஆகியிருந்ததால் இம்முறை காத்திருக்கவில்லை.

அதன் பின் எழுதுவது குறைந்தது, கண் பார்வையும் குறைந்தது. கிராமத்தில் அவர் திருமதி ஹீலிஸ், ஆடு வளர்ப்பவர். மலைக்குளிரைத் தாங்கும் ஹெர்ட்விக் என்ற ஆட்டினம் அழிந்துவிடாமல் காப்பதில் முழு மனதோடு இறங்கினார். மழையில் நனைந்தபடி மலையேறி, இடையர்களோடு நின்று குட்டிகளைச் சரிபார்ப்பார். கண்காட்சிகளில் பரிசும் பெற்றார். அந்த ஆடு வளர்ப்போர் சங்கத்தின் தலைவராக ஒரு பெண் தெரிவு செய்யப்பட்டது அவரைத்தான் முதன்முதலாக. லின்னேயன் சங்கத்தின் வாசலில் நிறுத்தப்பட்டவர் இந்தச் சங்கத்தின் தலைமைக் கதிரைக்கு வந்திருப்பார். ஆனால் பதவியை ஏற்க முன்பே, 1943 டிசெம்பர் 22 ஆம் திகதி காலமானார்.

4,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தையும் பல பண்ணைகளையும் நாட்டின் மரபுரிமைகளைக் காக்கும் தேசிய நம்பிக்கை நிதியத்துக்கு எழுதி வைத்திருந்தார். மலைப் பண்ணைகளில் கலப்பில்லாத ஹெர்ட்விக் மந்தைகளே இருக்க வேண்டும் என்பது அவருடைய இறுதி விருப்பங்களுள் ஒன்று. அந்தச் சாம்பல் நிற ஆடுகள் இன்றும் அங்கே மேய்கின்றன.